மாறும் வானமும் மாறாத முகில்வண்ணனும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருக்கோவலூரில் அன்றிரவு மழை பெய்யாதிருந்தால் முதலாழ்வார்கள் மூவரும் ஓரிடத்தில் கூடியிருக்க மாட்டார்கள். காஞ்சியிலும் கடல்மல்லையிலும் மயிலையிலும் அவதரித்த அம்மூவரும் ஒருவரை ஒருவர் அறியாமல், ஓரூரிலும் நிலைத்துத் தங்காமல், எம்பெருமான் உகந்தருளின நிலங்களை நாடி நடந்து கொண்டேயிருந்தவர்கள். பெண்ணையாற்றங்கரையில் இருளும் பெருமழையும் சேர்ந்து அவர்களை மறித்தன. ஒதுங்க இடம் தேடி, ஒருவர் பின் ஒருவராக ஓர் ஆச்ரமத்தின் இடைகழியில் புகுந்தார்கள். ஒருவர் கிடக்கவும் இருவர் இருக்கவும் மூவர் நிற்கவும் மட்டுமே அவ்விடம் போதுமானதாயிருந்தது. மூவரும் நின்றிருக்கையில் நான்காவதாக ஒருவன் வந்து நெருக்கினான். அவன் யார் என்று காண வேண்டிப் பொய்கையாழ்வார் பூமியை அகலாகவும் கடலை நெய்யாகவும் கதிரவனைச் சுடராகவும் கொண்டு விளக்கேற்றினார். பூதத்தாழ்வார் அன்பையே அகலாக்கி ஞானவிளக்கேற்றினார். அவ்வொளியில் பேயாழ்வார் பெரியபிராட்டியாரோடு கூடிய அவனைக் கண்டு தாம் கண்டதைப் பாடினார்.

வழிநடையில் வந்த ஒரு மழையே நம் திவ்யப்ரபந்தத்தின் வாசலைத் திறந்து வைத்தது. நெருக்க வந்தவனே அம்மழையையும் அனுப்பியிருக்க வேண்டும் என்று நினைப்பது நமக்கு இனிக்கும். ஆகையாலே, நாள்தோறும் நடக்கும் வீதியில் நம் தலைக்குமேல் மாறிக்கொண்டேயிருக்கும் வானத்தைப் பற்றிச் சிறிது அநுஸந்திப்பது இவ்விதழுக்குப் புறம்பான பேச்சாகாது.

வானத்தைப் பார்க்கலாமோ?

இங்கே ஒரு கேள்வி எழும். "கண்டவற்றில் கண்ணை ஓடவிடாமல் பகவத் விஷயத்தில் நிறுத்துங்கள் என்பதன்றோ பெரியோர் உபதேசம்? மேகத்தையும் காற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நடப்பதால் என்ன பயன்?" என்று கேட்கலாம்.

உண்மைதான். வானத்தை வானமாக மட்டும் பார்த்தால் அது வேடிக்கையோடே நின்றுவிடும். ஆனால் நம் தர்சனத்தில் வானம் தனித்து நிற்கும் ஒரு பொருளன்று. ப்ருஹதாரண்யக உபநிஷத்தில் யாஜ்ஞவல்க்யர் அந்தர்யாமியைச் சொல்லுமிடத்தில் நிலம், நீர், தீ, காற்று, கதிரவன், திசைகள், சந்த்ர நக்ஷத்ரங்கள், ஆகாசம், இருள், ஒளி என்று ஒவ்வொன்றாக எடுத்து, அதனுள் உறைபவன், அதனால் அறியப்படாதவன், அதைத் தன் சரீரமாக உடையவன் என்று அவனைக் காட்டுகிறார். இந்தச் சரீர சரீரி பாவத்தையே எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் நிலைநாட்டியருளினார். அப்பட்டியலில் ஒளி மட்டுமின்றி இருளும் இடம்பெற்றிருப்பதைக் கவனிக்க வேண்டும். வெளுத்த வானமும் அவன் சரீரம், கறுத்த வானமும் அவன் சரீரம் என்றபடி. அன்புடையவன் தன் அன்புக்குரியவனின் முகத்தைப் பார்க்குமாபோலே வானத்தைப் பார்ப்பது, கண்ணைக் கண்டபடி ஓடவிடுவதாகாது.

ஒரே வீதியில் ஓராண்டு

வானம் மாறுவது, ஒரே பாதையில் ஆண்டு முழுதும் நடப்பவர்க்கே நன்றாகப் புலப்படும். புதிது புதிதாக ஊர்களைக் காண்பவரின் கண் ஊரிலேயே தங்கிவிடும். தினமும் ஒரே வீதியை வலம் வருபவருக்கோ வீதி பழகிப்போனதால், மேலே நோக்க அவகாசம் கிடைக்கும். நாம் திருவரங்கத்தையே எடுத்துக் கொள்வோம். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவே தீவு. அத்தீவில் ஏழு திருமதிள்கள். உத்தர வீதியையோ சித்திரை வீதியையோ விடியற்காலையில் வலம் வருபவர் கிழக்கே நோக்கி ஒரு கணம் நின்றால், ஆனி மாதத்தில் இடப்புறம் வடகிழக்கே ஒதுங்கி உதிக்கும் கதிரவன், மாதந்தோறும் சிறிது சிறிதாக நகர்ந்து, மார்கழியில் வலப்புறம் தென்கிழக்கே உதிப்பதைக் காணலாம். உத்தராயணம், தக்ஷிணாயனம் என்று பஞ்சாங்கத்தில் படிப்பதை, கோபுரத்தை அடையாளமாகக் கொண்டு கண்ணாலேயே படித்துவிடலாம்.

சித்திரையின் தொடக்கத்தில் ஒருமுறையும், ஆவணியின் முற்பகுதியில் ஒருமுறையும், இவ்வூரில் நண்பகல் வேளையில் கதிரவன் நேர் உச்சியில் நிற்கிறான். அப்போது நிமிர்ந்து நிற்பவரின் நிழல் காலடிக்குள் ஒடுங்கிப் போகும். தனக்கென்று ஒரு நிழலும் மிஞ்சாத அவ்வேளையில், நடப்பவன் வேறொருவர் நிழலைத் தேடியே ஆகவேண்டும். கைமுதல் ஒன்றும் இல்லாமையே சரணாகதிக்கு வேண்டும் தகுதி என்று நம் ஆசார்யர்கள் விளக்குவதை இந்த நண்பகல் நமக்கு உணர்த்துகிறது. தன் நிழல் போனவனுக்கே திருவடி நிழலின் அருமை தெரியும்.

கோடையில் வானம் நீலமாகவும் இராது, வெளிறிப் போயிருக்கும். காவிரியில் மணல் தெரியும். இந்த வெளிறிய வானத்தின் கீழ் நடக்கும்போது நினைக்க வேண்டியவர் குலசேகராழ்வார். திருவித்துவக்கோட்டு அம்மானைப் பாடிய பதிகத்தில், மழை எத்தனை காலம் மறந்தாலும் பயிர் கருமேகத்தையே எதிர்பார்த்து நிற்கும், அடியேனும் அப்படியே என்று அவர் விண்ணப்பம் செய்கிறார். பயிருக்கு வேறிடம் போகக் கால் இல்லை. அதற்குத் தெரிந்தது மேலே நோக்குவது ஒன்றே. ஆழ்வாருக்கோ போக ஒரு ராஜ்யமே இருந்தது. போக விருப்பம் இல்லை. பயிரிடம் இயலாமையாக இருப்பது ஆழ்வாரிடம் அநந்யகதித்வமாக, அதாவது வேறு புகலற்ற நிலையாக, விளங்குகிறது.

நாம் காணாத மழை

ஆனியும் ஆடியும் வந்தால் வானத்தில் மேகம் வந்துவிடும். திருவரங்கத்தில் மழை அதிகம் வராது. காற்று மட்டும் மேற்கிலிருந்து வீசிக் கொண்டேயிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போதே தன் நீரைப் பெரும்பாலும் அப்பக்கத்தில் கொட்டிவிடுகிறது. மலையைக் கடந்து இறங்கி வருவது நீர் வற்றிய காற்று. ஆகையால் வீதியில் புழுதி பறக்கும், மேல்வானில் மேகங்கள் விரைந்து கடந்து போகும், துளி விழாது.

ஆனால் அதே நாட்களில் அம்மா மண்டபப் படித்துறைக்குச் சென்று பார்த்தால் காவிரி இரு கரையும் தொட்டு ஓடும். நம் வானம் வறண்டிருக்க, நம் ஆறு நிறைந்திருப்பது எப்படி? குடகு மலையிலும் வயநாட்டிலும் பெய்த மழை காவிரியாகவும் கபினியாகவும் இறங்கி, 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் தேங்கி, அங்கிருந்து திறக்கப்பட்டு இங்கே வருகிறது. அணை திறக்க வழக்கமாகக் குறித்த நாள் ஜூன் 12. நாம் நனையாத மழை நம் வயலை நனைக்கிறது. ஆடி மாதத்தில் நம்பெருமாள் தாமே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளிக் காவிரிக்குச் சீர் கொடுத்தருள்வதும் அந்த நீருக்குத்தானே!

இந்த நீரின் வழியைப் பார்க்கும்போது, நம் ஸம்ப்ரதாயத்தில் பெரியோர் அநுஸந்திக்கும் ஒரு ச்லோகத்தின் கருத்து நினைவுக்கு வருகிறது. திருமகள்கேள்வனாகிய கடலில் கருணையாகிய நீரை முகந்தது சடகோபராகிய மேகம். அம்மேகம் நாதமுனிகளாகிய மலையில் பொழிந்தது. உய்யக்கொண்டாரும் மணக்கால் நம்பியும் அம்மலையினின்று விழும் அருவிகள். அருவிகள் சேர்ந்து யாமுனராகிய ஆறாயின. ஆறு எதிராசராகிய பேரேரியை நிரப்பிற்று. ஏரியினின்றும் ஆசார்யர்களாகிய கால்வாய்களின் வழியே இன்றும் அந்நீர் ஓடி, உயிர்களாகிய பயிரை வளர்க்கிறது.

கடல் நீரை அப்படியே வயலில் பாய்ச்சினால் பயிர் கருகிப் போகும். அதே நீர் மேகத்தின் வயிற்றில் புகுந்து வந்தால் பயிரை வாழ்விக்கும். வேதமாகிய கடலை ஆழ்வார் பருகித் தமிழாகப் பொழிந்ததும் அப்படியே. ஆழ்வார் காலத்து மழையில் நாம் நனையவில்லை. எம்பெருமானார் காலத்திலும் நாம் பிறக்கவில்லை. ஆயினும் இன்று நம் வீட்டு வாசலில் கால்வாய் ஓடுகிறது. காய்ந்த வானத்தின் கீழ் நிறைந்த ஆற்றைக் காணும் ஒவ்வொரு ஆடியிலும் இதை எண்ணி நாம் கைகூப்பத்தகும்.

கறுத்தது ஏன்?

ஐப்பசியில் காற்று திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வரும் மேகங்கள் வெள்ளையாகக் கடந்து போவதில்லை. கறுத்துக் கனத்து இறங்குகின்றன. வெண்மேகமும் கருமேகமும் நீர்த்துளிகளால் ஆனவைதாம். துளிகள் குறைந்து மெல்லியதாய் இருக்கையில் வெளிச்சம் ஊடுருவுவதால் மேகம் வெளுத்துத் தோன்றுகிறது. துளிகள் பெருகித் தடிக்கும்போது வெளிச்சம் கீழே வர வழியின்றி அது கறுக்கிறது. கருமை அதன் குறையன்று; அதன் நிறைவு. கொடுக்க உள்ளவையெல்லாம் உள்ளே இருக்கின்றன என்பதற்கு அந்நிறமே அடையாளம். ஆழ்வார்கள் எம்பெருமானை ஓயாமல் கார்முகிலாகவே காண்பதன் சுவை, இவ்வீதியில் ஐப்பசி மாலையில் நின்று மேலே பார்ப்பவர்க்கு எளிதில் விளங்கும்.

திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் ஆண்டாள் மழைக்குரிய தேவதைக்கு இடும் கட்டளையையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். கடலினுள் புகுந்து முகந்து, முழங்கி ஏறி, உலகுக்கெல்லாம் காரணனானவனின் திருமேனி போலக் கறுத்து, திருவாழி போல மின்னி, திருச்சங்கம் போல அதிர்ந்து, சார்ங்கவில் விட்ட அம்புகள் போலப் பொழிய வேண்டும் என்கிறாள். மழை உண்டாகும் வரிசை ஒன்றும் பிசகாமல் அதில் இருக்கிறது. கண்ணாரப் பார்த்தவளின் பேச்சு அது. ஆயினும் ஒவ்வொரு படியிலும் அவள் கண் மேகத்தோடு நில்லாமல் அவனிடம் போய்விடுகிறது. பார்ப்பதை விட்டுவிட்டு அவனை நினைக்கவில்லை. பார்த்ததன் வழியாகவே அவனை நினைத்தாள். வானம் பார்க்கும் முறையை நமக்குக் கற்றுக்கொடுத்த ஆசார்யை அவளே.

தீங்கு செய்த மழை

அதற்கு முந்திய பாசுரத்தில் அவளே தீங்கில்லாத மழையை வேண்டுகிறாள். மழை தீங்காகவும் வரக்கூடும் என்று அறிந்தவள்தான் அப்படி வேண்டுவாள். 2015 டிசம்பரில் சென்னையில் அடையாறு கரை கடந்து வீடுகளில் புகுந்ததை நம்மில் பலர் மறக்க முடியாது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்து வெள்ளத்தில் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. "வானம் அவன் சரீரமானால், இதுவும் அவன் செயலோ?" என்று, வீடிழந்தவர் கண்ணீருடன் கேட்டால் நாம் என்ன சொல்வது?

அவரவர் கர்மத்தைக் காட்டி வாயடைப்பது எளிது. நனைந்து நிற்பவன் முன் அப்படிப் பேசுவது வைஷ்ணவ லக்ஷணம் ஆகாது. கோகுலத்தில் ஏழு நாள் கல்மாரி பெய்தபோது கண்ணன் ஆயர்களுக்கு உபதேசம் செய்யவில்லை, மலையை எடுத்தான். ஆவினங்களையும் ஆயர்களையும் அதன் கீழ் அழைத்துக்கொண்டான். மழை ஏன் வந்தது என்ற கேள்விக்கு முன்பாக, மழையில் நிற்பவர்க்கு இடம் உண்டோ என்ற கேள்வியை அவன் வைத்தான்.

திருக்கோவலூரில் நடந்ததும் அதுவேயன்றோ? படுத்திருந்தவர், வந்தவருக்காக எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்திருந்த இருவர், மூன்றாமவருக்காக எழுந்து நின்றனர். தம் வசதியை ஒவ்வொரு படியாகக் குறைத்துக்கொண்டு பிறருக்கு இடம் கொடுத்த அந்த நெருக்கத்தில்தான் எம்பெருமான் வந்து நின்றான். ஒருவரே கால்நீட்டிப் படுத்திருந்த இடைகழியில் அவன் அப்படி வரவில்லை. 2015-இல் முன்பின் அறியாதவர்களுக்குத் தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவர்கள், அறிந்தோ அறியாமலோ அந்த இடைகழியைத் தம் வீட்டில் திறந்தார்கள். "மழையில் எம்பெருமான் எங்கே?" என்பவர்க்கு நாம் அறிந்த விடை இதுவே: நெருங்கி நின்று இடம் கொடுக்குமிடத்தில் அவன் இருக்கிறான்.

இரண்டு பார்வைகள்

ஒரே வானத்தை நம்மாழ்வார் இரண்டு விதமாகப் பார்த்திருக்கிறார். திருவாய்மொழி இரண்டாம் பத்தின் முதல் திருவாய்மொழியில் பராங்குச நாயகியாய், கண்ணில் பட்ட அனைத்தையும் தன்னைப் போல் பிரிவாற்றாமல் துடிப்பனவாகக் காண்கிறார். அலையும் காற்று அவனைத் தேடித் திரிகிறது. நீராய் உருகும் மேகம் தன்னைப் போல் உருகுகிறது. தேயும் பிறை தன்னைப் போல் மெலிகிறது. நான்காம் பத்தின் நான்காம் திருவாய்மொழியிலோ அதே பொருள்கள் எல்லாம் அவனாகவே தோன்றுகின்றன. திங்களைக் காட்டி மணிவண்ணன் என்கிறாள். குளிர்காற்றைத் தழுவித் தன் கோவிந்தன் என்கிறாள். நல்ல மழையைக் கண்டால் நாராயணன் வந்துவிட்டான் என்று ஆடுகிறாள் என்று தாய் சொல்லி வருந்துகிறாள்.

முதற்பார்வையில் உலகம் நம்மோடு சேர்ந்து அழும் துணை. இரண்டாம் பார்வையில் உலகம் அவனைக் காட்டும் கண்ணாடி. நமக்கு ஆழ்வாரின் பெருங்காதல் இல்லை. ஆயினும் துக்கமுள்ள நாளில் நடக்கும்போது முதற்பார்வையையும், மனம் தெளிந்த நாளில் நடக்கும்போது இரண்டாம் பார்வையையும் கடன் வாங்கிக் கொள்ள நமக்கு உரிமை உண்டு. பிள்ளைகளுக்குத் தகப்பனாரின் சொத்தன்றோ!

காலம் மயங்கினால்

இவ்விதழை வாசிக்கும் பாகவதர்களில் பலர் கடல் கடந்து வாழ்கிறார்கள். அவர்கள் மனத்தில் ஒரு குறை உண்டு. "திருப்பாவையின் மார்கழியில் பனி பெய்கிறது. மெல்போர்னில் எங்களுக்கு அப்போது கடுங்கோடை. லண்டனில் சூரியன் காலை 8 மணிக்குத்தான் தலைகாட்டி மாலை 4 மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறான். சிங்கப்பூரில் மழையும் புழுக்கமும் மாறிமாறி வருகின்றன. பாசுரத்தின் வானம் ஒன்று, எங்கள் வானம் வேறு. இங்கே நடந்து, மேலே பார்த்து, எதை அநுஸந்திப்பது?" என்கிறார்கள்.

இதற்கு முதல் ஸமாதானம் பஞ்சாங்கத்திலேயே உள்ளது. நம் மாதங்கள் குளிரையும் வெயிலையும் கொண்டு கணக்கிடப்படுவனவல்ல. ஸூர்யன் தநுர் ராசியில் நிற்கும் காலமே மார்கழி. அவன் அங்கே நிற்பது மெல்போர்னுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஒன்றே. பருவம் ஊருக்கு ஊர் வேறு, மாதம் எல்லோர்க்கும் ஒன்று.

இரண்டாம் ஸமாதானம் நம்மாழ்வாரிடம் உள்ளது. திருவிருத்தத்தில் காலமயக்கு என்னும் துறையில் அமைந்த பாசுரங்கள் உண்டு. கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் பிரிந்தான் நாயகன். கார் வந்துவிட்டது, அவன் வரவில்லை. மேகத்தைக் கண்டால் நாயகி உயிர் தரிக்கமாட்டாள் என்று அஞ்சிய தோழி, கண்முன் நிற்கும் பருவத்தையே மறுக்கிறாள். "இது கார்காலந்தானோ, வானத்தில் கரிய எருதுகள் பொருகின்றனவோ, அறியேன்" என்கிறாள் ஓரிடத்தில். வானம் கொண்டுபோன நீரை மீட்கக் கடல் பொங்கி எழுந்ததோ என்று மயங்குகிறாள் வேறோரிடத்தில். கொன்றை இன்னும் முழுதும் மலரவில்லை என்று தேற்றுகிறாள் மற்றோரிடத்தில்.

தோழியின் சொல் பொய்யாயினும் அதன் உள்ளே இருப்பது பரிவு. வானம் சொல்வதொன்று, நெஞ்சம் பொறுப்பதொன்று என்றாகும்போது, நெஞ்சத்தைக் காக்க வானத்தையே வேறாகப் படித்துக் காட்டினாள் அவள். காலமும் வானமும் பொருந்தாமல் தவிப்பது கடல் கடந்தவர்களுக்கு மட்டும் வந்த குறையன்று; ஆழ்வார் பாடிய ஒரு துறையே அது. மெல்போர்ன் வெயிலில் நின்று மார்கழிப் பனியைப் பாடுகிறவர் அத்துறையில் நின்று பாடுகிறார் என்று கொள்ளலாம். இருக்கும் வானத்துக்கும் வேண்டும் வானத்துக்கும் இடையே உள்ள அந்தத் தூரமே அவர்க்கு விரஹத்தின் சுவையைக் காட்டிவிடும்.

எம்பெருமானும் அத்தவிப்புக்கு விலக்கானவன் அல்லன். கிஷ்கிந்தைக்கு அருகே ப்ரஸ்ரவண மலையில் மழைக்கால நான்கு மாதங்களையும் பெருமாள் காத்துக் கழித்தார். கருமேகத்தில் துடித்த மின்னல், ராவணன் பிடியில் துடித்த பிராட்டியை அவர்க்கு நினைவூட்டிற்று. மேகத்தைக் கண்டு நாம் அவனுக்காக ஏங்குகிறோம். அவனும் மேகத்தைக் கண்டு தன்னைச் சேர்ந்தவளுக்காக ஏங்கினான். ஏக்கம் ஒருதலையன்று என்பது நமக்கு எத்தனை பெரிய ஆறுதல்!

பனியில் நடந்த மூவர்

கார்த்திகை வளர்பிறையில் கைசிக ஏகாதசி வருகிறது. குளிர் தொடங்கும் அவ்விரவில் திருவரங்கத்தில் நம்பெருமாளுக்கு வஸ்த்ரங்கள் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்துகிறார்கள். கோடையில் கோடைத் திருநாள், ஆனிக் கேட்டையில் ஜ்யேஷ்டாபிஷேகம், குளிரில் போர்வை. பருவங்களைப் படைத்து நடத்துபவன், அர்ச்சாவதாரத்தில் அப்பருவங்கள் தன்னையும் தொடும் என்பது போல நம் கையில் இருக்கிறான். நமக்கு வேர்க்கும்போது அவனுக்கு வேர்க்குமே என்றும், நமக்குக் குளிரும்போது அவனுக்குக் குளிருமே என்றும் எண்ணுவதற்கு அவன் இடம் கொடுத்திருக்கிறான். வானத்தைப் பார்த்தவுடன் "இன்று பெருமாளுக்கு எப்படி இருக்கும்?" என்று ஒருவர்க்குத் தோன்றினால், அவர் நடையின் பயனைப் பெற்றுவிட்டார்.

ஸ்ரீராமாயணத்தில் ஆரண்ய காண்டத்தில், பனிக்காலத்து விடியலில் மூவர் நடந்து போகிறார்கள். பஞ்சவடியிலிருந்து கோதாவரிக்குப் பெருமாள் நீராட எழுந்தருள, பிராட்டி உடன்வர, இளையபெருமாள் கையில் குடத்துடன் பின்தொடர்கிறார். நடந்துகொண்டே அவர் பருவத்தை வர்ணிக்கிறார். மூச்சுப்பட்டு மங்கிய கண்ணாடி போலச் சந்த்ரன் ஒளி குன்றியிருக்கிறான். தாகங்கொண்ட யானை, நீரைத் தொட்டதும் குளிர் தாங்காமல் துதிக்கையை இழுத்துக் கொள்கிறது. நீர்ப்பறவைகள் கரையில் நின்றபடியே நீரில் இறங்கத் தயங்குகின்றன. கண்ணில் பட்ட ஒவ்வொன்றையும் அவர் நுணுக்கமாகச் சொல்லி வருகிறார்.

அப்போது பேச்சு திரும்புகிறது. "இந்நேரம் பரதனும் இப்பனியில் ஸரயுவில் நீராடப் புறப்பட்டிருப்பானே! ஸுகமாக வளர்ந்தவன், பின்னிரவில் அக்குளிர்ந்த நீரில் எப்படி இறங்குகிறானோ? குளிர்ந்த தரையில் எப்படிக் கிடக்கிறானோ?" என்று இளையபெருமாள் உருகுகிறார். சித்ரகூடத்தில் சேனையோடு வந்த அதே பரதனைக் கண்டு வில்லெடுக்கத் துணிந்தவர் இவர் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். அன்று கோபம் மறைத்ததை இன்று பனி காட்டிக் கொடுத்தது. தன் உடம்பில் பட்ட குளிர், தொலைவில் உள்ள மற்றோர் அடியவன் உடம்பில் படும் குளிராகத் தோன்றிற்று. உடனே அவர் கைகேயியைக் குறை சொல்லத் தொடங்க, பெருமாள் தடுத்து, "சிற்றன்னையை நிந்திக்க வேண்டா, பரதன் கதையையே சொல்" என்கிறார். வானிலையைப் பற்றிய பேச்சு பாகவத ஸ்மரணத்தில் போய் முடிந்தது. அதைத் தொடரச் சொன்னவர் பெருமாள்தாமே.

பருவத்தைப் பார்த்து நடப்பதன் முடிந்த பயன் இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது. பகவானை நினைப்பது முதற்படி. அவன் அடியார், எந்த வானத்தின் கீழ் இருந்தாலும், அவர்களை நினைப்பது அதற்கும் மேற்படி. திருவரங்கத்தில் மழை வலுக்கையில், வெள்ளத்தில் தவிக்கும் ஊரை நினைக்கலாம். இங்கே மார்கழியில் இளங்குளிர் வீசும்போது, டொராண்டோ பனியில் வழுக்காமல் அடியெடுத்து வைத்துக் கோஷ்டிக்குச் செல்லும் முதியவரை நினைக்கலாம். அங்கே பனி பெய்கையில் அவர்கள், கோடையில் வெறுங்காலோடு கொதிக்கும் கல்லில் நின்று வரிசையில் ஸேவிப்பவர்களை நினைக்கலாம். மனத்தில் பழைய பகை ஏதேனும் இருந்தால், அந்த ஒருவரின் உடம்பில் இன்றைய குளிர் எப்படி உறைக்கும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். இளையபெருமாளுக்குப் பலித்த மருந்து நமக்கும் பலிக்கும்.

நடக்க இயலாதவர்க்கு

"எங்களுக்கு முழங்கால் வலி; வீதிக்கு இறங்கவே முடியாது" என்னும் பெரியோர்கள் உண்டு. அவர்கள் மனம் வருந்த வேண்டா. திருக்குருகூரில் திருப்புளியாழ்வாரின் அடியில் 16 ஆண்டுகள் அசையாமல் எழுந்தருளியிருந்தவர் நம்மாழ்வார். அவர் எந்த வீதியையும் வலம் வரவில்லை. எந்தத் திவ்யதேசத்துக்கும் நடந்து செல்லவில்லை. ஆயினும் காற்றும் மேகமும் திங்களும் இருளும் கடலும் அவர் திருவாக்கில் வந்ததுபோல் நடந்து திரிந்த வேறு யாரிடம் வந்தன? ஜன்னல் வழியே கையகல வானம் தெரிந்தால் போதும். தினமும் ஒரே ஜன்னலில் பார்ப்பவர்க்கு அதுவும் ஒரு சித்திரை வீதியே.

நடக்க முடிந்தவர்களோ நாளைக் காலையில் கைப்பேசியை உறையில் வைத்துவிட்டு, ஒரு சுற்று தலைநிமிர்ந்து நடக்கலாம். வானம் வெளிறியிருந்தால் பயிர்போல் காத்திருக்கலாம். காற்று மட்டும் வீசினால், எங்கோ பெய்த மழை நமக்காக வந்துகொண்டிருக்கிறது என்று தேறலாம். கறுத்திருந்தால் அவன் திருமேனியை நினைத்து, தீங்கின்றிப் பொழிய வேண்டிக்கொள்ளலாம். பொழியத் தொடங்கிவிட்டால், நம் வீட்டுத் திண்ணையில் சிறிது நகர்ந்து, ஒதுங்க வருபவர்க்கு இடம் விடலாம். அவர் பின்னே இன்னொருவனும் வந்து நெருக்கக்கூடும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.